தாத்தா வாங்கினார், அப்பா தள்ளினார், நான் கத்துக்கிறேன்: ஒரு பத்மினியும் மூணு தலைமுறையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, சரி பார்த்துப் போட்டிருக்கிறோம்.)

போன ரெண்டு எபிசோடும் ஏஐ, லேஆஃப்னு ஒரே டென்ஷனா போயிடுச்சு. அதனால இந்த வாரம் லேப்டாப்ப மூடி வச்சுட்டு, கையில கொஞ்சம் கிரீஸ் ஒட்டிக்கிட்டுப் பேசலாம்.

இன்னைக்கு டாபிக் பழைய கார். எந்தக் கார் எவ்ளோ ஸ்பீடு போகும், எத்தனை லட்சத்துக்கு ஏலம் போச்சுங்கிற கதை இல்ல. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்கு இருக்கிற கார் ஆசை அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகுது, எங்க அறுந்து போகுது, அறுந்து போகாம இருக்க என்ன பண்ணலாம்? இதுதான் கேள்வி.

எங்க வீட்லயே இது இப்போ ஓடிக்கிட்டிருக்கிற விஷயம். தாத்தாவுக்கு 84 வயசு. கும்பகோணத்துல பாத்திரக்கடை வச்சிருந்தவர். அவர்கிட்ட 1978 மாடல் பிரீமியர் பத்மினி ஒண்ணு இருக்கு. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்டுறதை நிறுத்திட்டார். இப்போ வண்டி சென்னையில எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல நிக்குது. "வித்துடலாம்"ங்கிறார் அப்பா. "வேணாம்பா"ங்கிறேன் நான். தாத்தா எதுவுமே சொல்றதில்ல. அதுதான் ரெண்டு பேருக்கும் கஷ்டமா இருக்கு.

முதல்ல ஒரு டெஃபனிஷன்: எது விண்டேஜ்?

நாம பழைய காரைப் பார்த்தா எல்லாத்தையும் "விண்டேஜ்"னு சொல்லிடறோம். கார் சேகரிக்கிறவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. பிரிட்டன்ல இருந்து வந்த வழக்கப்படி, 1919-ல இருந்து 1930 வரைக்கும் செஞ்ச கார்தான் விண்டேஜ். அதுக்கு முந்தினது வெட்டரன். ரொம்ப பின்னாடி வந்ததெல்லாம் கிளாசிக். அந்தக் கணக்குல பத்மினி ஒரு கிளாசிக் கார்தான்.

நம்ம ஊர் சட்டம் வேற மாதிரி சொல்லுது. 2021 ஜூலைல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, முதல் ரிஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டின டூவீலரும் காரும் விண்டேஜ் வண்டி. ஆனா ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. அதாவது எங்க பத்மினி சட்டப்படி விண்டேஜ் ஆக 2028 வரணும். அதுவரைக்கும் அது வெறும் "பழைய வண்டி"தான். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னு பேப்பர் வேலை பத்திப் பேசும்போது சொல்றேன்.

கார்னாலே குடும்ப விஷயம்தான்

காரும் தலைமுறையும்னு பேசினா, எனக்கு உடனே ஞாபகம் வர்றது பெர்த்தா பென்ஸ். மெர்சிடிஸ் பென்ஸ்ல வர்ற அந்த பென்ஸ்தான். கார்ல் பென்ஸோட மனைவி. 1888 ஆகஸ்ட்ல, புருஷன்கிட்ட சொல்லாம, 15 வயசும் 13 வயசும் ஆன ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு, மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்ல இருக்கிற அம்மா வீட்டுக்குக் கார்லயே கிளம்பிட்டாங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல. உலகத்தோட முதல் லாங் டிரைவ் அதுதான்.

பங்க்னு ஒண்ணு கிடையாது. வழியில ஒரு மருந்துக் கடைல, துணிக்கறை எடுக்கிற லிக்ராயின் திரவத்தை வாங்கி ஊத்தினாங்க. எரிபொருள் குழாய் அடைச்சப்போ தொப்பில குத்துற ஊசியை வச்சுக் குத்திவிட்டாங்க. மேடு வந்தப்போ? பசங்க இறங்கித் தள்ளினாங்க. ஆக, உலகத்தோட முதல் ஃபேமிலி ட்ரிப்லயே பசங்களுக்குக் கெடச்ச வேலை வண்டியத் தள்ளுறதுதான். இதை அப்பாகிட்ட சொன்னப்போ, "அப்போ எனக்கு முன்னாடியே ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க"ன்னார்.

ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்கிற ஆசை

இங்கதான் நான் கவனிச்ச முக்கியமான விஷயம் வருது. பழைய கார் மேல இருக்கிற ஆசை பெரும்பாலும் தாத்தாகிட்ட இருந்து பேரனுக்கோ பேத்திக்கோ வருது. நடுவுல இருக்கிற அப்பாவைத் தாண்டிக் குதிச்சுடுது. என் ஃபிரெண்ட்ஸ் வீடுகள்லயும் இதையே பார்த்திருக்கேன். ஏன்?

தாத்தா காலத்தை எடுத்துக்குங்க. லைசன்ஸ் ராஜ் காலம். சாலைல பார்த்தா அம்பாசடர், பத்மினி, நம்ம மெட்ராஸ்லயே தயாரான ஸ்டாண்டர்ட். சாய்ஸ் அவ்ளோதான். பணத்தைக் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். இத்தாலியோட ஃபியட் 1100-ஐ பம்பாய் குர்லால பிரீமியர் கம்பெனி செஞ்சுக்கிட்டிருந்தாங்க. 1974-ல சித்தூர் ராணி பேரை வச்சு அது பத்மினி ஆச்சு. 1089 சிசி எஞ்சின், சுமார் 40 குதிரைசக்தி. இன்னைக்கு ஒரு நல்ல பைக்குக்கே அவ்ளோ பவர் இருக்கு. ஆனா காத்திருந்து காத்திருந்து வாங்கின ஆளுக்கு அது வெறும் மெஷின் இல்ல. ஒரு கடைக்காரர் தெருவுல தலை நிமிர்ந்து நின்ன நாள்.

அப்பாவுக்கு அப்போ ஒன்பது வயசு. அவரோட ஞாபகத்துல அந்தக் கார்னா மழைநாள் காலைல ஸ்டார்ட் ஆகாத வண்டி. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டே தள்ளினது. கல்யாணத்துக்குப் போற வழியில எஞ்சின் சூடாகி, புளியமரத்தடில ரேடியேட்டர் ஆறுற வரைக்கும் எல்லாரும் நின்னது. அப்புறம் 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. சாவியத் திருப்பினா ஸ்டார்ட் ஆகுது, சின்னதா இருக்கு, வேகமா போகுது. அந்த வயசுப் பையனுக்கு எது பிடிக்கும்? அவர் ஆசைப்பட்ட கார் 800. பத்மினி அவருக்கு வீட்டு வேலை.

நான் பொறந்தப்போ பத்மினி ஏற்கனவே ஓய்வு எடுக்க ஆரம்பிச்சிருந்தது. எனக்கு அது ஒருநாளும் ஸ்கூலுக்கு லேட் ஆக்கல. ஞாயித்துக்கிழமை தாத்தா துடைப்பார், நான் ஹாரன் அடிப்பேன். சிரமம் இல்லாத பகுதி மட்டும் எனக்குக் கெடச்சுது. அதனால எனக்கு ஆசை வந்துச்சு. அப்பாவுக்கு ரசனை இல்லன்னு நினைச்சா அது தப்பு. பாரத்தைச் சுமந்தவர் அவர். "வித்துடலாம்"னு சொல்றவங்க வீட்ல இருந்தா, அவங்க எவ்ளோ தூரம் அந்த வண்டியத் தள்ளியிருக்காங்கன்னு முதல்ல கேளுங்க.

இன்னொண்ணு. ஒவ்வொருத்தருக்கும் விண்டேஜ் காருங்கிறது, பத்து வயசுல ஜன்னல் வழியா வாயைப் பிளந்து பார்த்த கார்தான். அப்பாவுக்கு 800. நமக்கு? இண்டிகா, சான்ட்ரோ, குவாலிஸ். இப்போ சிரிப்பா இருக்கும். முதல் மாருதி 800-க்கு 2033-ல 50 வயசு ஆகும்போது பாருங்க.

கண்ணுக்குத் தெரியுற எஞ்சினியரிங்

சரி, சென்டிமென்டை விடுங்க. இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இந்தக் கார் ஏன் பிடிக்குது? நான் காலேஜ்ல நாலு வருஷம் படிச்சும் புரியாத சில விஷயம் பானெட்டைத் திறந்த உடனே புரிஞ்சுது. இப்போ வர்ற கார்ல பானெட்டைத் திறந்தா ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். உள்ள நடக்கிறதை எல்லாம் ஈசியு, அதாவது ஒரு கம்ப்யூட்டர், பார்த்துக்குது. பத்மினில அந்தக் கம்ப்யூட்டர் வேலைய டிரைவர்தான் செய்யணும்.

சோக் எடுத்துக்குங்க. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியா ஆவியாகாது. சிலிண்டருக்குள்ள போற கலவைல எரியக்கூடிய பெட்ரோல் குறைவா இருக்கும். சோக் பட்டனை இழுத்தா கார்புரேட்டர் வாய்ல ஒரு தகடு மூடி, உள்ள வர்ற காத்தைக் குறைக்கும். கலவை கெட்டியாகும், ஸ்டார்ட் ஆகும். சூடான உடனே சோக்கை உள்ள தள்ளிடணும். இல்லன்னா கரும்புகை. இன்னைக்கு உங்க கார்ல சென்சார் டெம்பரேச்சர் பார்த்து இன்ஜெக்டருக்குச் சொல்ற அதே வேலைய, தாத்தா காதால கேட்டுக் கையால செஞ்சார்.

புளியமரக் கதைக்கும் சயின்ஸ் உண்டு. எஞ்சின் பக்கத்துலயே இருக்கிற பெட்ரோல் பம்ப் வெயில்ல சூடாகும். பம்புக்குள்ள பெட்ரோல் குமிழ் குமிழா ஆவியாகிடும். பம்ப் திரவத்தைத் தள்ளுறதுக்குத்தான் செஞ்சது. ஆவிய அதால தள்ள முடியாது. வண்டி நின்னுடும். இதுக்கு வேப்பர் லாக்னு பேர். கார்புரேட்டர் காலத்துக் கார்கள் எல்லாத்துக்கும் பொதுவான வியாதி. மருந்து? பம்ப் மேல ஈரத்துணி. அதனாலதான் அந்தக் காலத்துக் கார் எல்லாத்துலயும் ஒரு பழைய துண்டும் ஒரு பாட்டில் தண்ணியும் இருக்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்த்தா எஞ்சினோட ரத்தப் பரிசோதனை மாதிரி. நுனி காபிப்பொடி நிறத்துல இருந்தா நல்லா எரியுது. கருப்பா கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம். வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் குறைவு, எஞ்சின் அதிகமா சூடாகுது. என் அக்கா பொண்ணுக்கு எட்டு வயசு. எந்த பிளக் "பில்டர் காபி", எந்த பிளக் "கண்மை"ன்னு அவளே சொல்லிடுவா. யூடியூப் வீடியோ எத்தனை காட்டினாலும் இப்படி வந்திருக்காது. ஒரு சாமான் கைல வந்தாதான் கேள்வி வருது.

பெட்ரோல் மாறிடுச்சு, கார் மாறல

பழைய கார் வச்சிருக்கிறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது இது. 2000 பிப்ரவரில இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினாங்க. நம்ம நுரையீரலுக்கும் மூளைக்கும் ரொம்ப நல்ல முடிவு. ஆனா பழைய எஞ்சின்கள்ல அந்த ஈயம்தான் வால்வும் வால்வு சீட்டும் உரசித் தேயாம ஒரு மெத்தை மாதிரி காப்பாத்திக்கிட்டிருந்தது. அதனால எஞ்சின் வேலை பார்க்கும்போது கடினமான வால்வு சீட் போட்டுக்கிட்டா நல்லது.

இப்போ அடுத்த மாற்றம் ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இதுல பழைய காருக்கு மூணு பிரச்சினை.

ஒண்ணு, பழைய ரப்பர் குழாய், வாஷர், கார்க் கேஸ்கெட் எல்லாம் எத்தனால்ல உப்பும், இளகும், விரிசல் விடும். பெட்ரோல் கசிஞ்சு சூடான எஞ்சின் மேல விழுந்தா தீப்பிடிக்கும். இது பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. எத்தனால் தாங்கும் குழாயா மாத்துறது பெரிய செலவே இல்ல. இந்த எபிசோட்ல இருந்து ஒரே ஒரு வேலை செய்வீங்கன்னா இதைச் செய்யுங்க.

ரெண்டு, எத்தனால் தண்ணிய இழுக்கும். மாசக்கணக்குல நிக்கிற வண்டில அந்தத் தண்ணி பிரிஞ்சு டேங்க் அடில தங்கி துரு பிடிக்க வைக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது எஞ்சின் நல்லா சூடாகுற மாதிரி ஓட்டுங்க. ரொம்ப நாள் நிறுத்துறதா இருந்தா டேங்க்கைக் காலி பண்ணிடுங்க.

மூணு, ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புது கார்ல இருக்கிற கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடிச்சு எரிபொருளைக் கூட்டிக்கும். கார்புரேட்டர்ல இருக்கிற ஜெட்டுங்கிறது பித்தளைல போட்ட ஒரு ஓட்டை. ஓட்டைக்கு யோசிக்கத் தெரியாது. பழைய அளவே போகும், கலவை மெலிஞ்சுடும், எஞ்சின் சூடாகும். நல்ல மெக்கானிக் ஜெட் அளவை மாத்தி இதைச் சரி பண்ணிடுவார்.

நல்ல மெக்கானிக் எங்க இருக்காங்கங்கிறதுதான் அடுத்த கேள்வி. எங்க வண்டிய நாப்பது வருஷமா பார்க்கிற மெக்கானிக் பாய்க்கு எழுபது வயசு. பெரிய பையன் துபாய்ல, சின்னவர் டெலிவரி கம்பெனில. "கத்துக்க ஆளில்ல தம்பி, வண்டியும் குறைஞ்சுபோச்சு"ங்கிறார். பார்ட்ஸ் புதுப்பேட்டைல தேடினா ஏதாவது கெடச்சுடும். ஆனா சத்தத்தை வச்சே எந்த வால்வுன்னு சொல்ற காது எந்தக் கடைலயும் கெடைக்காது. டாக்குமென்டேஷன் எழுதாம சீனியர் ரிசைன் பண்ணிட்டுப் போனா டீமுக்கு என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்ல? அதேதான் இங்கயும்.

பேப்பர் வேலை: ஆசைய விட முக்கியம்

பல வீடுகள்ல கார் சாகுறது துருவால இல்ல, ஆர்சி புக்கால. தாத்தா பேர்ல ஆர்சி. தாத்தா போயிடறார். யாரும் பேர் மாத்தல. பத்து வருஷம் கழிச்சு ஓட்ட முடியாது, விக்கவும் முடியாது. கடைசில எடைக்குப் போடறாங்க.

விதி என்ன சொல்லுதுன்னா, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல தெரியப்படுத்தணும். மூணு மாசத்துக்குள்ள பேர் மாத்த ஃபார்ம் 31-ல விண்ணப்பிக்கணும். இறப்புச் சான்றிதழ், வாரிசுக்கான ஆதாரம் எல்லாம் வேணும். அண்ணன் தம்பிகளுக்குள்ள பேச்சுவார்த்தை சரியில்லன்னா இங்கயே மாட்டிக்கும். இதுக்கு ஒரு நல்ல வழி 2021-ல வந்துச்சு. உரிமையாளர் உயிரோட இருக்கும்போதே ஆர்சில நாமினி பேரைச் சேர்க்கலாம்.

அடுத்தது ரினியூவல். சொந்தக் காருக்கு 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அந்தக் கட்டணம் 600 ரூபால இருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 2025-ல அதையும் ஏத்தினாங்க. செலவுதான். ஆனா ஒரு தடவை விட்டுட்டா திரும்பப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

50 வருஷம் தாண்டிட்டா விண்டேஜ் பதிவு பண்ணலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, மறுபதிவுக்கு 5,000. பத்து வருஷத்துக்குச் செல்லும். புது நம்பர் வாங்கினா அதுல 'விஏ' எழுத்து வரும். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். டிஎன் 01 வர்றதுக்கு முந்தின மூணு எழுத்து நம்பரை உயிரா நினைக்கிற தாத்தாக்களுக்கு இது பெரிய ஆறுதல். ஒரு கண்டிஷன்: விண்டேஜ் பதிவு பண்ணின வண்டியத் தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ராலி, டெக்னிக்கல் ஆராய்ச்சி, பெட்ரோல் போடறது, ரிப்பேர், இதுக்கு மட்டும்தான். காய்கறி வாங்கவும் எடுத்துட்டுப் போகணும்னு நினைச்சா சாதாரணப் பதிவே நல்லது.

வயசு வந்த உடனே வண்டிய ஓரங்கட்டினா என்ன ஆகும்னு மும்பையைப் பாருங்க. அங்க டாக்ஸிக்கு 20 வருஷ வரம்பு. கடைசியா பதிவான பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29-ம் தேதியது. 2023 அக்டோபரோட அந்தக் கருப்பு மஞ்சள் பத்மினி தெருவுல இருந்தே போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதெல்லாம் எங்கள மாதிரி வீடுகள்லதான்.

அப்போ வித்தீங்களா, இல்லையா?

எல்லாரும் கேக்கப் போறீங்க, அதனால சொல்லிடறேன். நாமினி விஷயத்தைத் தாத்தாகிட்ட எடுத்துச் சொன்னேன். உள்ளுக்குள்ள என் பேரைச் சொல்வார்னு நினைச்சேன். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "உங்கப்பன் பேரைப் போடு. அதிகமா தள்ளினது அவன்தான்"ன்னார். அப்பா எதுவும் பேசாம எழுந்து பால்கனிக்குப் போயிட்டார்.

அதுக்கு அடுத்த வாரம் எனக்கு ஸ்டீயரிங் கியர் போடக் கத்துக்கொடுத்தது அப்பாதான். பத்மினில கியர் லீவர் தரைல இருக்காது, ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கும். நான் ரெண்டாவது கியரைத் தேடிக்கிட்டே இருந்தேன். அப்பா என் கை மேல கை வச்சு, பார்க்காமலே போட்டார். கடைசியா அவர் இந்த வண்டிய ஓட்டி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மணிக்கட்டு மறக்கல. பின் சீட்ல தாத்தா, "கிளட்ச்சை முழுசா மிதிக்கச் சொல்லுடா"ன்னு அப்பாவத் திட்டினார். "மிதிக்கிறான்பா, நீங்க சும்மா இருங்க"ன்னார் அப்பா. விக்கிற பேச்சு இப்போதைக்கு நின்னிருக்கு. ரினியூவல் செலவு வரும்போது திரும்ப வரலாம். வந்தா பேசிக்குவோம்.

உங்க வீட்டுக்கு

உங்க வீட்ல பழைய காரோ, ஸ்கூட்டரோ, புல்லட்டோ இருந்தா இந்த வாரமே நாலு வேலை பண்ணுங்க.

ஒண்ணு, ஆர்சி யார் பேர்ல இருக்கு, எது வரைக்கும் செல்லும், நாமினி இருக்கான்னு பாருங்க.

ரெண்டு, பெட்ரோல் குழாய்களை மாத்துங்க.

மூணு, பெரியவங்களை வண்டி பக்கத்துல உக்கார வச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. "எப்படி வாங்கினீங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. "மழைல ஸ்டார்ட் ஆகலன்னா முதல்ல எதைப் பார்ப்பீங்க"ன்னு கேளுங்க. அந்தப் பதில்தான் நாளைக்கு உதவும். எஞ்சின் சத்தத்தையும் சேர்த்துப் பதிவு பண்ணுங்க. மெக்கானிக்கையும் விட்டுடாதீங்க.

நாலு, வீட்ல குழந்தை இருந்தா "தொடாதே"ன்னு சொல்றதை நிறுத்திட்டு ஒரு வேலை கொடுங்க. டயர்ல காத்து அளக்கிறது, வீல் கப் துடைக்கிறது, போட்ட பெட்ரோலையும் ஓடின கிலோமீட்டரையும் நோட்டுல எழுதுறது, எதுவா இருந்தாலும் சரி. வேலை கொடுத்தா அது அவங்க வண்டி ஆயிடும்.

வீட்ல எதுவுமே இல்லையா? கோயம்புத்தூர் அவினாசி ரோட்ல ஜி.டி.நாயுடு குடும்பத்தோட ஜீடி கார் மியூசியம் இருக்கு. ஒரு குடும்பம் சேர்த்து வச்சதை ஊருக்கே திறந்து விட்டிருக்காங்க. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மாவோட போங்க. எந்தக் காருக்கு முன்னாடி அவங்க கொஞ்சம் அதிக நேரம் நிக்கிறாங்கன்னு மட்டும் கவனிங்க. அங்க இருந்து பேச்சு தானா ஆரம்பிக்கும்.

உங்க வீட்ல அதிகமா வண்டி தள்ளினது யாருன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதா நாலஞ்சு சேர்த்து அடுத்த எபிசோட்ல போடறேன். அதுவரைக்கும், சோக்கை உள்ள தள்ள மறக்காதீங்க. பை.